செக்ரோலில் ஓர் அரைப்பேர்

கட்டுகஸ்தோட்டையிலிருந்து பழைய வாசகர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். வேலைக்குப் போகும் வழியில் அவருடைய மகன் விபத்துக்குள்ளாகி, ஒரு காலை முழங்காலுக்குக் கீழே அகற்றியிருக்கிறார்கள். "ஐயா, பேப்பரில் எழுதினால் ஏதாவது நட்டஈடு கிடைக்குமா?" என்று கேட்டார். எழுத்தை நம்பிப் பிழைத்தவன் நான். ஆயினும், "கிடைக்கும்" என்று சொல்ல நா எழவில்லை. அதற்கொரு பழைய கதை உண்டு.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணியைக் குளவிகள் துரத்தின. கூடையோடு ஓடியவர் கானுக்குள் விழுந்தார்; இடுப்பெலும்பு முறிந்தது. சில வாரங்களின் பின் லயத்தில் அவரைச் சந்தித்து, ஞாயிறு பதிப்புக்கு அரைப்பக்கக் கட்டுரை எழுதினேன். "மழை தூறிய ஒரு காலைப்பொழுதில்" என்று தொடங்கிய அக்கட்டுரையைப் பலரும் பாராட்டினார்கள். நானும் மகிழ்ந்துபோனேன்.

மாதங்கள் கழித்து நட்டஈட்டு விசாரணை வந்தது. தொழிற்சங்கத் தலைவரோடு நானும் போயிருந்தேன். அந்த அம்மா மடியிலிருந்து நான்காக மடித்த என் கட்டுரையை எடுத்து அதிகாரியிடம் நீட்டினார். அவர் பொறுமையாக வாசித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "நன்றாக எழுதியிருக்கிறீர்கள். இதில் திகதி எங்கே? எந்த மலையில் விழுந்தார்?"

என்னிடம் பதில் இல்லை. எப்போது, எங்கே என்பவை செய்தியாளன் முதல் நாளில் கற்கும் பாடம். நடையழகுக்காக அவற்றைத் தொலைத்திருந்தேன். வைத்தியசாலைத் துண்டிலும் "விழுந்ததால் முறிவு" என்று மட்டுமே இருந்தது. எங்கே விழுந்தார் என்று அங்கே எவரும் கேட்கவில்லை. வலியில் துடித்தவர் தாமாகச் சொல்லவும் இல்லை. வீட்டுப் படியில் விழுந்திருக்கலாம் அல்லவா என்று எதிர்த்தரப்பு கேட்டபோது அறையே மௌனமாயிற்று.

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் தொழில்தருநரின் தவறை நிரூபிக்கும்படி கேட்பதில்லை. விபத்து வேலையின்போது நேர்ந்ததா, வேலையின் காரணமாக நேர்ந்ததா என்ற இரண்டையுமே கேட்கிறது. இந்த இரண்டுக்கும் விடை விபத்து நடந்த அன்றைய தாள்களிலேயே இருக்கிறது.

அந்த அம்மாவைக் காப்பாற்றியது என் கட்டுரையன்று. ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர், "அன்றைய செக்ரோலைப் பாருங்கள்" என்றார். அந்நாளில் அவருக்கு எதிரே அரைப்பேர் போடப்பட்டிருந்தது. காலையில் வேலைக்கு வந்தவர் நாளை முடிக்காமல் போயிருக்கிறார் என்பதற்கு அதுவே சாட்சியாயிற்று. நட்டஈடு கிடைத்தது, பெருந்தொகையன்று. ஊன்றுகோல் மட்டும் கடைசிவரை அவரோடிருந்தது.

அதன் பின்னர் நான் கண்ட கோரிக்கைகள் பெரும்பாலும் சில வகைக்குள் அடங்குவன. கை, கால், விரல், கண் இழப்புகள் நிரந்தரப் பகுதி இயலாமை. உழைப்பாற்றல் எத்தனை நூற்றுவீதம் குறைந்ததாகக் கொள்ளவேண்டும் என்பதைச் சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. எவ்வேலையும் செய்ய முடியாத நிலை நிரந்தர முழு இயலாமை. குணமாகக்கூடிய காயம் தற்காலிக இயலாமை. அதற்கு அரைமாதக் கொடுப்பனவு உண்டு. தொழில்சார் நோய்களுக்குத் தனி அட்டவணை இருக்கிறது. இவற்றுக்கு வெளியே நின்று தவிப்பது முதுகுவலி. தோட்டங்களில் அதைச் சொல்லாத வீடில்லை. ஆனால் அது தொடங்கிய திகதியை எவராலும் காட்ட முடிவதில்லை.

நட்டஈட்டுக்கு அப்பால் வேறு வழிகளும் உண்டு. வேலைசெய்ய நிரந்தரமாக இயலாதென வைத்தியர் உறுதிப்படுத்தினால், ஊழியர் சேமலாப நிதியை 55 வயதுக்கு முன்பே (பெண்களாயின் 50) மீளப் பெறலாம். அது தானமன்று, நம் சம்பளத்தின் நூற்றுக்கு 8 வீதமும் தொழில்தருநரின் 12 வீதமும் சேர்ந்த நம் பணம். தனியார் காப்புறுதி எடுத்தவர்கள், அது விபத்துக்கு மட்டுமா நோய்க்குமா என்று ஒப்பந்தத்தில் பார்க்கவேண்டும். விண்ணப்பத்தில் மறைத்த பழைய நீரிழிவு, கோரிக்கை வைக்கும் நாளில் முன்னால் வந்து நிற்கும்.

இன்னொரு முட்டுக்கட்டை பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறோர் எழுத்து, சேமலாப நிதிப் புத்தகத்தில் லயத்து அழைப்புப் பெயர் என மூன்று பேராக வாழ்பவர்கள் மலையகத்தில் அதிகம். கையும் காலும் நன்றாக இருக்கும்போதே இதைத் திருத்திக்கொள்வது நலம்.

கட்டுகஸ்தோட்டை நண்பருக்கு மறுநாள் நானே அழைத்தேன். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வேலைக்குச் செல்லும், திரும்பும் பயணத்தில் நேரும் விபத்தையும் சட்டத்துக்குள் கொண்டுவந்திருப்பதையும், 2005இல் 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவாக இருந்த உச்சத்தொகை 20 இலட்சமாக உயர்ந்திருப்பதையும் சொன்னேன். பிறகு ஒரு தாள் எடுக்கச் சொன்னேன்.

"விபத்து நடந்த திகதி, நேரம், இடம், மகன் வழக்கமாகப் போகும் பாதை, கண்டவர்கள் பெயர்; இவற்றை இன்றே எழுதி வையுங்கள். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியையும் வைத்தியசாலைத் துண்டையும் வாங்குங்கள். துண்டில் 'வேலைக்குச் செல்லும் வழியில்' என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையேல் வைத்தியரிடம் இப்போதே கேளுங்கள். தொழிற்சாலைக்கு எழுத்தில் அறிவித்து, பிரதியில் கையொப்பம் பெறுங்கள். தாமதிக்கவேண்டாம்."

"அப்போ பேப்பரில் எழுத மாட்டீர்களா?" என்றார்.

எழுதுவேன் என்றேன். முதல் வரியில் திகதியோடு.