கடல் பக்கம், பாரீஸ் பக்கம்

ஜனவரி 9

நாலாபக்கமும் ஜனம் நின்று பார்க்கும் தெருநாடகம் என்று முடிவு செய்த பிறகு இடது, வலது என்ற பேச்சுக்கு அர்த்தமே இல்லாமல் போயிற்று. யாருக்கு இடது? இன்று ஒத்திகையில் பாதி நேரம் இதிலேயே கழிந்தது. ஹார்பரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்தான் தீர்த்து வைத்தார். "இன்னாபா லெஃப்ட்டு ரைட்டுன்னு குழம்பிக்கினு? கடல் பக்கம் போன்னு சொல்லு, போறான்." ராயபுரத்தில் பிறந்தவர்களுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் கடல் எந்தப் பக்கம் என்று தெரியும். உடனே நான்கு திசையும் அமைந்துவிட்டன: கடல் பக்கம், வண்ணாரப்பேட்டைப் பக்கம், காசிமேட்டுப் பக்கம், பாரீஸ் பக்கம். நாளைக்கே காஞ்சிபுரத்தில் ஆடினாலும் எங்களுக்குக் கிழக்கே கடல்தான்.

வங்க நாடகக்காரர் பாதல் சர்க்கார் 1980-இல் சோழமண்டல ஓவியர் கிராமத்துக்கு வந்து பட்டறை நடத்தினார். மேடையும் விளக்கும் இல்லாமல், பார்க்கிறவர்களுக்கு நடுவே நின்று ஆடலாம் என்ற துணிவு தமிழில் பலருக்கு அதற்குப் பிறகு வந்தது. மேடையை விட்டு இறங்குகிறவன் மேடையின் சொற்களையும் அங்கேயே விட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். தெருவில் அவை உதவா.

ஜனவரி 17

எழுதிய பிரதி என்று எங்களிடம் ஒன்றும் கிடையாது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. அதுதான் நாடகம். ஆளாளுக்கு நினைவில் இருப்பதைச் சொல்லி, செய்து பார்த்து, கோத்துக்கொண்டே போகிறோம். காட்சிகளுக்கு எண் போட்டால், ஒன்று இடம் மாறும்போது எல்லா எண்ணும் மாறுகிறது. அதனால் கையில் இருக்கும் பொருளே காட்சிக்குப் பெயர்: வாளி, ஆமை, ஏலம். "வாளியிலேருந்து போலாம்" என்றால் யாரும் யாரையும் பார்க்க வேண்டியதில்லை. எல்லோரும் வரிசையாக நின்றுவிடுகிறோம்.

எர்ணாவூர்க் கரையில் கருஞ்சகதியை ஆட்கள் வாளி வாளியாகக் கையால் அள்ளிய காட்சிதான் வாளி. கல்லூரியில் படிக்கும் பெண் வாளியை வாங்கி அடுத்தவருக்குக் கொடுத்தாள். அழகாகத்தான் செய்தாள். பெரியவர் நிறுத்தினார். "தண்ணி தளும்பும்மா. அதுக்குத்தான் நீ கைய விட்டு விட்டுப் பிடிக்கிற. இது தளும்பாது. தாரு." அவள் மறுபடி வாங்கினாள். இந்த முறை முழங்கை மடங்கவில்லை, இடுப்பு இறங்கியது, விரல்கள் பிடியிலிருந்து பிரிய ஒரு கணம் தாமதித்தன. வரிசை முழுவதும் அதைப் பார்த்து மாறியது. இப்போது 'தார்' எங்களுக்கு ஒரு நடை. "கடல் பக்கம் தார்ல வா" என்று இன்று நானே சொன்னேன். எந்த அகராதியிலும் இந்தப் பொருள் இருக்காது. அதனால்தான் இது எங்களுடையது.

ஜனவரி 24

செய்யாற்றுப் பக்கத்துக் கூத்து வாத்தியாரும் புதுக்கோட்டைப் பக்கத்து ஆர்மோனியக்காரரும் இன்று முதல்முறையாக ஒரே கூடத்தில். "கட்டை எங்க?" என்றார் வாத்தியார். "அஞ்சு கட்டைண்ணே" என்றார் ஆர்மோனிய அண்ணன். வாத்தியார் கேட்டது, கண்ணாடிச் சில்லு பதித்த மர அணிகலன்களை: கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம். வடதமிழ்நாட்டில் கட்டைக்கூத்து என்ற பெயரே அவற்றால் வந்தது. அண்ணன் சொன்னது சுதி. இரண்டு பேரும் தங்கள் தொழிலில் தலைமுறை கண்டவர்கள், இரண்டு பேரும் சரி. யாருடைய கட்டையை விடச் சொல்வது? யாரையும் சொல்லவில்லை. 'மரக்கட்டை', 'சுதிக்கட்டை' என்று அவர்களே பிரித்துக்கொண்டார்கள்.

பிப்ரவரி 2

ஆர்மோனிய அண்ணனிடம் ஸ்பெஷல் நாடகம் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தேன். வெவ்வேறு ஊரிலிருந்து தனித்தனியாக வந்து இறங்குகிறார்கள். கூடி ஒத்திகை பார்ப்பது கிடையாது. இரவு பத்து மணிவாக்கில் தொடங்கி விடியும்வரை சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' நடக்கிறது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பஃபூன் என்று சொன்னாலே யார் எப்போது வருவார், எவ்வளவு நேரம் நிற்பார், பாட்டை யார் முடித்துக்கொடுப்பார் என்பதெல்லாம் அதில் அடங்கிவிடுகிறது. சுவாமிகள் 1922-இல் காலமானார். அவர் பாட்டுகள் இன்றும் அந்நியர்களை ஒரே மேடையில் சேர்த்து வைக்கின்றன. கூட்டு நாடகம் என்பதை நேற்று வந்த யோசனையாகப் பேசுகிறவர்கள் ஒரு ராத்திரி கண் விழித்து இதைப் பார்க்க வேண்டும்.

ஸ்பெஷல் நாடகத்தின் சீன், படுதா, பார்சி மெட்டு: இவை வந்த வழியும் நீளமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராக வந்து, வர்ணம் தீட்டிய திரைகளையும் மெட்டுகளையும் விட்டுச் சென்றன. மேற்கு மாதா கோவில் தெருவில் 1910-இல் எழுந்த பார்சிகளின் அக்கினிக் கோயிலைத் தாண்டித்தான் தினமும் ஒத்திகைக்கு வருகிறேன். அந்தக் கோயிலுக்கும் நாடகத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் தாண்டும்போது அண்ணனின் மெட்டு காதில் வருகிறது.

பிப்ரவரி 8

ஒரு பயிற்சிப் பட்டறைக்குப் போய்வந்த தம்பி இன்று 'எனர்ஜி', 'ஸ்பேஸ்', 'ஃபோகஸ்' என்று பேசினான். ஆர்வமுள்ள பையன், கெட்டிக்காரன். ஆனால் அவன் பேசப் பேசப் பெரியவரும் இட்லிக்கடை அக்காவும் வாயே திறக்கவில்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை. சிலரைப் பேசவிடாமல் செய்யும் சொல் எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் ஒரு குழுவுக்கு வேண்டாம்.

ந. முத்துசாமி 1977-இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்தில் மனதைப் பறிகொடுத்த எழுத்தாளர் அவர். சபா என்றோ கம்பெனி என்றோ வைக்காமல், கையால் வேலை நடக்கும் இடத்தின் பெயரை எடுத்துக்கொண்டார். அங்கே நடிகர்கள் கூத்தும் சிலம்பமும் ஒன்றாகப் பழகினார்கள். ஒரே அடவு பத்துப் பேர் காலில் ஏறியிருந்தால், அதன் பெயரைச் சொன்னால் போதும். எங்களுக்கு அந்த வசதி இல்லை. வேலை முடிந்து, கன்டெய்னர் லாரிகளுக்கு இடையே புகுந்து வந்து கூடுகிறவர்கள் நாங்கள். உடம்பில் ஏற நாளாகும். அதுவரை சொல்தான் எங்களைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

நிறுத்துவதற்கு ஒரு சொல் வேண்டும் என்று அக்கா கேட்டார். "கட்" என்றால் சினிமா டைரக்டர் ஞாபகம் வருகிறதாம். 'கரை' என்று வைத்தோம். யார் வேண்டுமானாலும் சொல்லலாம், யாரைப் பார்த்தும் சொல்லலாம். சொன்னதும் நிற்க வேண்டும், காரணத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

பிப்ரவரி 11

கல்லூரிப் பெண் பெரியவரைப் பார்த்து "கரை" என்றாள், அவர் வசனத்தின் நடுவில். அவர் நின்றார்! வாத்தியார்தான் சங்கடப்பட்டார். அவருடைய கூத்து ஜமாவில் வாத்தியாரை யாரும் நிறுத்த முடியாது. அதே வாத்தியார்தான் பிறகு சொன்னார், திரைக்குப் பின்னால் வந்து நிற்கும் ராஜாவையே கட்டியங்காரன் யார், எவர் என்று கேட்பதுண்டு என்று. அப்படி அவரே தன் மனதைச் சமாதானம் செய்துகொண்டார்.

பிப்ரவரி 15

எர்ணாவூரில் திறந்தவெளி ஒத்திகை. நல்ல கூட்டம். வட்டத்துக்குள் ஒரு ஷேர் ஆட்டோ நுழைந்தது, தம்பி "கரை" என்றான், நின்றோம், வழிவிட்டோம், "வாளியிலேருந்து" என்று தொடர்ந்தோம். கூட்டம் இதைக் கவனித்திருக்கிறது. எண்ணெய் கொட்டிய நாட்களின் மீன் விற்பனையைக் காட்டும் ஏலம் காட்சியில் அக்கா விலையைக் குறைத்துக் குறைத்துக் கூவிக்கொண்டிருந்தபோது, மீன்கூடையோடு நின்றிருந்த ஓர் அம்மா பாரீஸ் பக்கத்திலிருந்து "கரை!" என்றார். சட்டப்படி நின்றோம். "அன்னிக்கு வெலையே கேக்கலம்மா. கூடையப் பாத்துட்டுப் போய்க்கினே இருந்தாங்க. நீ இன்னாத்துக்குக் கூவுற?"

அக்கா அங்கேயே மாற்றிச் செய்து பார்த்தார். கூவவில்லை. கூடையை ஒவ்வொருவர் முன்னாலும் இறக்கி, பதில் வருவதற்குள் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். தார் நடையில். ஏலம் இனி அப்படித்தான். மூடிய கூடையா, திறந்த கூடையா என்பதில்தான் இன்னும் சண்டை. அந்த அம்மாவை வியாழக்கிழமை ஒத்திகைக்கு வரச் சொல்லியிருக்கிறோம். ஏழு மணிக்கு மேல் என்றால் வருவாராம்.