சங்கிலிக்கு எண்ணெய் ஸ்நானம்

எண்ணெய் ஸ்நானத்துக்குப் புருஷர்களுக்குச் சனிக்கிழமை, ஸ்திரீகளுக்கு வெள்ளிக்கிழமை என்று பெரியவர்கள் நாள் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமையும் ஓர் எண்ணெய் ஸ்நானம் உண்டு. அது மோட்டார் சைக்கிள் சங்கிலிக்கு.

"இது ஆண்பிள்ளைகள் சமாசாரம், நமக்கெதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள். மோட்டார் சைக்கிளின் பின் ஸீட்டில் உட்காருகிறவர்கள் யார்? நாம்தானே! காலை எந்தப் பக்கம் தொங்கப் போட்டுக்கொள்கிறோம்? இடது பக்கம். எங்கள் பழைய புல்லட்டில் சங்கிலி ஓடியதும் அதே இடது பக்கம்தான். நம் புடவைத் தலைப்புக்கும் சுழலும் சக்கரத்துக்கும் நடுவே இருப்பது ஒரு கம்பித் தடுப்பு. பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் அது மறைக்க வேண்டும் என்று 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே எழுதியிருக்கிறது. அழகைக் கெடுக்கிறது என்று அதைக் கழற்றிப் பரணில் போடும் பிள்ளைகளைக் கண்டால் எனக்கு வயிறு பற்றிக்கொண்டு வரும்.

சரி, கதைக்கு வருகிறேன்.

என் வீட்டுக்காரர் புல்லட் வாங்கியது 1979-ல். எங்களுக்குப் பெரம்பூர்; வண்டி பிறந்ததோ திருவொற்றியூர். இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரிலிருந்த ராயல் என்பீல்டும் நம் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்து 1955-ல் ஆரம்பித்தார்களே, அந்தக் கம்பெனியின் வண்டி. "பக்கத்து ஊரில் பெண் எடுத்திருக்கிறேன்" என்று அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். பெண் எடுத்த பிறகு சீராட்டாமல் இருக்க முடியுமா? ஞாயிறு காலை காப்பி ஆனதும் பழைய பனியன், என் வீட்டு மண்ணெண்ணெய், தேய்ந்துபோன பல் பிரஷ் சகிதம் வாசலில் உட்கார்ந்துவிடுவார். நான் போட்ட கோலத்தின்மேல் கறுப்புப் பொட்டுக்களாக கிரீஸ் விழும். நான் முணுமுணுப்பேன். அவர் காதில் விழாது. ஏனென்றால் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆமாம், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். அதுதான் அவர் கண்டுபிடித்த குறுக்கு வழி. வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, முதல் கியரைப் போட்டுவிட்டால் பின் சக்கரம் தானாகச் சுற்றுமல்லவா? துணியைச் சங்கிலியின்மேல் வைத்துப் பிடித்தால் போதும், சங்கிலியே வந்து வந்து துடைத்துக்கொண்டு போகும். வேலை பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும்.

1983-ம் வருஷம் ஐப்பசி மாதம். நாலு நாள் மழை விட்டிருந்த ஞாயிறு. நான் உள்ளே தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் அவர் கத்தினார் என்று சொல்ல மாட்டேன். ஒரு விநோதமான சப்தம், அவ்வளவுதான். ஓடிப்போய்ப் பார்த்தால், சக்கரம் சுற்றிக்கொண்டேயிருக்கிறது. அவர் வலது கையைப் பனியன் துணியில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். துணி பூராவும் சிவப்பு.

நடந்தது இதுதான். சங்கிலியின் கீழ்ப்பகுதி பின்புறமாக ஓடிப் பல்சக்கரத்தில் ஏறுகிறது. துணியின் ஓரத்தை ஒரு பல் கவ்வியது. துணி விரலைச் சுற்றியிருந்தது. மெதுவாகத்தானே சுற்றுகிறது என்று தோன்றும். விநாடிக்கு ஏறக்குறைய ஒரு சுற்றுத்தான். ஆனால் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு மேடு ஏறுகிற என்ஜின், ஒரு விரலுக்காக நிற்குமா? மோதிர விரலின் மேல் கணு போய்விட்டது. வண்டியின்மேல் ஒரு குற்றமும் இல்லை. அதை அவரும் ஒருநாளும் சொன்னதில்லை.

அதைப்பற்றி வேறு எதையுமே சொன்னதில்லை என்பதுதான் விஷயம். ஆபீஸில் கதவு நசுக்கியதென்றார். பிள்ளைகள் பிறந்து, பேரன்கள் பிறந்து, "தாத்தா, விரல் எங்கே?" என்று கேட்டபோது, "வண்டலூர் சிங்கத்துக்குப் பிஸ்கோத்துக் கொடுத்தேன், அது பிஸ்கோத்தோடு சேர்த்துச் சாப்பிட்டுவிட்டது" என்றார். குழந்தைகள் கை தட்டிச் சிரிக்கும். நானும் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

அன்று முதல் அவர் சங்கிலிப் பக்கம் போகவில்லை. இரண்டு மாதத்தில் அது துருப் பிடித்துக் கரகரவென்று கத்த ஆரம்பித்தது. தெருமுனை மெக்கானிக்கிடம் நானே போய் நின்றேன். அந்த மனுஷர் நல்லவர். "நீங்களே பண்ணலாம்மா" என்றார். "முதல் வேலை, சாவியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். கியரை நியூட்ரலில் வையுங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். அதுவும் பின்னோக்கிச் சுற்றுங்கள். அப்போதுதான் கீழ்ச் சங்கிலி பல்சக்கரத்தை விட்டு விலகி ஓடும், உள்ளே இழுக்காது. துணியை நடுவில் பிடியுங்கள், பல் பக்கமே கொண்டுபோகாதீர்கள்." என் கணவர் செய்ததற்கு ஒவ்வொன்றும் நேர் விரோதம்!

அவரிடம் நான் கேட்டுத் தெரிந்துகொண்ட இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. நம் கழுத்துச் சங்கிலி பல வருஷம் போட்டபின் சற்று நீண்டு தொங்குவதைக் கவனித்திருக்கிறீர்களா? தங்கம் நீளவில்லை. வளையமும் வளையமும் உரசுகிற இடம் தேய்ந்து போயிருக்கிறது. வண்டிச் சங்கிலியும் அப்படியே. அதன் ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் ஊசி, அதன்மேல் ஒரு குழல், குழலின்மேல் ஓர் உருளை. ஸ்விட்ஸர்லாந்தில் பிறந்து மான்செஸ்டரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்டு என்பவர் 1880-ல் கண்டுபிடித்த அமைப்பு, இன்றுவரை அதேதான். ஊசிக்கும் குழலுக்கும் நடுவே தேய்வு. ஒரு கண்ணிக்கு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு தேய்ந்தால், நூறு கண்ணிக்குப் பத்து மில்லிமீட்டர்! பளபளவென்று வெளியே எண்ணெய் பூசினால் போதாது, அந்த இண்டுக்குள் போகவேண்டும் என்பது இதனால்தான்.

தங்கத்துக்குப் பூந்திக்கொட்டை, இதற்கு மண்ணெண்ணெய். துணியை நனைத்து, பிரஷ்ஷால் தேய்த்து அழுக்கை எடுத்து, நன்றாகத் துடைத்து உலரவிட வேண்டும். பிறகு, தொண்ணூறாம் நம்பர் கியர் எண்ணெயைக் கீழ்ச் சங்கிலியின் உட்பக்கத்தில் சொட்டுச் சொட்டாக. ஏன் உட்பக்கம் என்கிறீர்களா? சக்கரம் சுற்றும்போது எண்ணெய் வெளிப்பக்கமாகத்தான் தெறிக்கும். உள்ளே விட்டால் கண்ணிகளின் ஊடே புகுந்து வெளியே வரும். வண்டி ஓடி வந்த சூட்டில் செய்தால் இன்னும் விசேஷம். ராத்திரி முழுதும் ஊறவிட்டு, காலையில் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். துடைக்காவிட்டால் தெருப்புழுதி ஒட்டி எண்ணெய் சாணைக்கல்லாகிவிடும். டயரிலோ பிரேக்கிலோ தெறித்தால் கேட்கவே வேண்டாம். நான் ஒரு தடவை சிக்கனம் பார்த்து நல்லெண்ணெய் விட்டுப் பார்த்தேன். பத்தே நாளில் பிசின் மாதிரி ஆயிற்று. மெக்கானிக் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் ஒலிக்கிறது.

ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு முறை. மழைக்காலத்தில் அதற்கு முன்பே. தொய்வு எவ்வளவு இருக்கலாம் என்பது வண்டியோடு வரும் புத்தகத்தில் இருக்கிறது. ரொம்பத் தொய்ந்தால் சங்கிலி கழன்று சக்கரத்தையே பூட்டிவிடும்; ரொம்ப இறுக்கினால் பேரிங் போகும். மாப்பிள்ளையைப் போல, கொஞ்சம் விட்டுப் பிடிக்க வேண்டும்.

புல்லட்டை 1998-ல் விற்றோம். என் உத்தியோகமும் போயிற்று. எல்லாவற்றையும் மறந்திருந்த சமயம், 2024-ல் பேரன் ஒரு மோட்டார் சைக்கிளோடு வந்து நின்றான்.

வாங்கிய மூன்றாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை. வாசலில் வண்டிச் சத்தம். எங்கோ போகப்போகிறான் என்று நினைத்தேன். ஆனால் சத்தம் நகரவில்லை. ஒரே இடத்தில் டுப்டுப்பென்று கேட்டுக்கொண்டே இருந்தது. நாற்பது வருஷத்துக்குப் பிறகு என் அடிவயிற்றில் அதே குளிர். கையிலிருந்த கரண்டியோடு ஓடினேன். எனக்கு முன்னால், கைத்தடியைக்கூட எடுக்காமல், அவர் போய்விட்டார்.

பேரன் குந்தி உட்கார்ந்து, ஒரு கையில் ஸ்பிரே டப்பா, மறு கையில் துணி. சக்கரம் சுற்றுகிறது.

"டேய், நிறுத்து!" அந்தக் குரலை நானே கேட்டதில்லை.

"என்ன தாத்தா, இப்படிச் செய்தால் சீக்கிரம் முடியுமே?" என்றபடி என்ஜினை அணைத்தான்.

அவர் வலது கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். "சிங்கம் கடிக்கவில்லைடா. இதுதான் கடித்தது. இதே மாதிரிதான்."

பையனுக்கு முகம் வெளுத்துவிட்டது. துணியைப் பார்த்தான், பல்சக்கரத்தைப் பார்த்தான், விரலைப் பார்த்தான். "ஏன் தாத்தா இத்தனை நாள் சொல்லவேயில்லை?" என்று கேட்டான். அவர் பதில் சொல்லவில்லை. வெட்கம் என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் நானும்தானே கூடவே சிரித்துக்கொண்டிருந்தேன்!

பிறகு மூவருமாக வாசற்படியில் உட்கார்ந்தோம். இந்தக் காலத்துச் சங்கிலியில் தகடுகளுக்கு நடுவே ரப்பர் வளையங்கள் வைத்து, உள்ளேயே கிரீஸை அடைத்துவிடுகிறார்கள். பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் அந்த ரப்பருக்கு ஆகாது. மண்ணெண்ணெயும் மிருதுவான பிரஷ்ஷும் போதும். இதை அவன் எனக்குச் சொன்னான். சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்ற வேண்டும் என்பதை நான் அவனுக்குச் சொன்னேன்.

இப்போது ஞாயிறு காலை அவன் முதலில் சமையலறைக்குத்தான் வருகிறான். "பாட்டி, சாவி" என்று நீட்டுகிறான். அதை அஞ்சறைப் பெட்டிக்குள், கடுகுக்கும் வெந்தயத்துக்கும் நடுவே போட்டு மூடி வைக்கிறேன். அவர் ஈஸிசேரில் சாய்ந்தபடி, "உட்பக்கம்டா, உட்பக்கம்!" என்று குரல் கொடுக்கிறார். கோலத்தின்மேல் கிரீஸ் விழாமலிருக்கப் பழைய பேப்பரை விரிக்கச் சொல்லியிருக்கிறேன்; பாதி நாள் மறந்துவிடுகிறான்.