ஒரே கூரை, தனி அடுப்பு!

லீவு விட்டால் குழந்தைகளுக்கு முதலில் ஞாபகம் வருவது ஊட்டியும் கொடைக்கானலும்தான். இந்தத் தடவை ஒரு மாறுதலாக, செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் இருக்கும் என் சிநேகிதியின் வீட்டுக்குப் போவோமே என்று காரில் கிளம்பினோம். அவளும் லீவுக்குத் தன் அப்பத்தாவிடம் வந்திருந்தாள்.

திருச்சியிலிருந்து காரைக்குடி சாலையில் புதுக்கோட்டை தாண்டினால் திருமயம். 1687-ல் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டை இது. வெயில் ஏறுவதற்குள் மேலே ஏறி இறங்கிவிட வேண்டும். சுதந்திரப் போராட்ட வீரர் சத்தியமூர்த்தி 1887-ல் பிறந்த ஊரும் இதுதான் என்று குழந்தைகளுக்குச் சொல்லி வைத்தேன். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கானாடுகாத்தான்.

வீடா அது! வாசல் ஒரு தெருவில், கொல்லை அடுத்த தெருவில்! பர்மா தேக்குத் தூண்கள், காலுக்குக் குளுகுளுவென்று ஆத்தங்குடிக் கல். இந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடியின் மேல் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றிக் கையாலேயே வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். நடக்க நடக்கப் பளபளப்பு கூடுமாம்.

"வாங்க ஆத்தா, பிள்ளைகளுக்கு முதல்ல தண்ணி குடுங்க" என்று வரவேற்றார் ஆச்சி. வயது எண்பத்தெட்டு. வெங்கலக் குரல்!

வளவைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். "இதெல்லாம் எதுக்கு ஆச்சி?" என்று கேட்டாள் என் பெண்.

"ஒவ்வொரு மகனுக்கும் ஒண்ணு. கல்யாணமாகிக் கொஞ்ச நாள்ல எங்களை வேறு வச்சுருவாக. வருஷத்துக்கு இத்தனை மூட்டை நெல்லு, இத்தனை படி பருப்பு, கைச்செலவுக்கு இவ்வளவுன்னு மாமியார் அளந்து குடுத்துருவாக. அதுக்குள்ள நாங்க குடும்பம் நடத்தணும். எங்க அடுப்பு, எங்க கணக்கு."

"தீர்ந்து போச்சுன்னா?"

"தீரவிட மாட்டோம்ல! முதல் வருஷம் எனக்குப் பத்து மாசத்துலயே எண்ணெய் தட்டுப்பாடு. மாமியார் திட்டலை. பக்கத்துல உக்காந்து, எதுல கூடப் போச்சுன்னு கணக்குப் பாக்கக் கத்துக்குடுத்தாக. விசேஷம்னா எல்லாருக்கும் ஒரே சமையல். மத்த நாள்ல, உன் குழம்புல உப்புக் கூடன்னு சொல்ல ஆளு கிடையாது!"

எனக்கு வியப்பாக இருந்தது. கூட்டுக் குடும்பம் என்றால் ஒரே அடுப்பு, ஒரே அதிகாரம் என்றுதான் நினைக்கிறோம். மாமியார், மருமகள் மனஸ்தாபம் பெரும்பாலும் அடுப்படியில்தானே ஆரம்பிக்கிறது? நகரத்தார் பெரியவர்கள் அதற்கு வழி கண்டிருக்கிறார்கள். கூரை ஒன்று, அடுப்பு வேறு. மருமகளுக்குச் சுதந்திரமும் உண்டு, கூப்பிட்டால் ஓடிவர மனிதரும் உண்டு. இன்று ஃபிளாட்டில் மூன்றே அறை இருந்தாலும், மாதச் செலவுக் கணக்கை மருமகளிடம் ஒப்படைத்துவிட்டு, கேட்டால் மட்டும் யோசனை சொல்லும் மாமியாராக இருக்க முடியும், இல்லையா?

ஆனால் அந்த அறைகள் எல்லாமே பூட்டிக் கிடந்தன. மகன்கள், பேரன்கள் சென்னையிலும் வெளிநாட்டிலும். ஆச்சிக்குத் துணை ஒரு வேலைக்காரம்மா மட்டும். "ரெண்டு வீடு தள்ளிப் பிரிச்சுட்டாக. தூணெல்லாம் லாரியில போச்சு. இந்த வீட்டுக்கும் பதினாலு பங்கு. என் காலம் வரைக்கும் நிக்கும்" என்று சொல்லிவிட்டுக் குழந்தைகளுக்குச் சீப்புச் சீடையை நீட்டினார்.

மறுநாள் காரைக்குடியில் பழைய சாமான் கடைக்குப் போனோம். ஒரு பித்தளை அண்டாவின் விளிம்பில் யாரோ ஒரு குடும்பத்தின் விலாசம் வெட்டியிருந்தது. என் பெண் அதைத் தடவிப் பார்த்து, "இவங்க வீட்டு ஆச்சி எங்கேம்மா?" என்றாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அண்டாவையாவது கடையில் வாங்கலாம்; ஆச்சி சொன்ன கணக்கு எந்தக் கடையில் கிடைக்கும்? அடுத்த லீவில் உங்கள் சொந்தத்திலோ சிநேகிதத்திலோ ஒரு பெரியவர் வீட்டுக்குக் குழந்தைகளுடன் போய் வாருங்கள். முன்கூட்டியே போன் செய்துவிடுங்கள். உங்கள் சாப்பாட்டுக்காக அவர்களைச் சிரமப்படுத்தாமல், சமையலில் நீங்களும் கை கொடுங்கள். பழங்களோடு ஒரு நோட்டுப் புத்தகமும் எடுத்துப் போங்கள். கேள்விகளைக் குழந்தைகளே கேட்கட்டும். பெரியவர்கள் பேசக் காத்திருக்கிறார்கள், கேட்கத்தான் ஆளில்லை.