கொதிச்ச தண்ணி

2022 மார்ச் கடைசி. ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் போன நேரம். அக்கா அவசர சத்திரசிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில. ரெண்டு மாசப் பிள்ளை வீட்டில. தாய்ப்பாலுக்கு ஈடில்லை எண்டு எல்லாருக்கும் தெரியும், ஆனா அந்தப் பத்து நாளும் பால்மாதான். இரவு ட்யூட்டி மாமனாகிய எனக்கு.

நான் போட்ட கணக்கு சிம்பிள். கிணத்துத் தண்ணியைக் கொதிக்க வைச்சு, நல்லா ஆறவிட்டு, மாவைக் கரைச்சு மூண்டு போத்தலைப் பிரிட்ஜில வைச்சால், எழும்பி எழும்பிக் கரைக்கிற வேலை மிச்சம். காலமை வந்த மிட்வைஃப் மிஸ் அதைப் பார்த்திட்டு, "தம்பி, எல்லாத்தையும் ஊத்துங்கோ" எண்டா. அம்மாவுக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு. "டின் விக்கிற விலைக்கு ஊத்துறதோ?"

கொதிக்க வைச்சால் எல்லாம் சரி எண்டுதான் நானும் நினைச்சிருந்தன். ஆனா டின்னில அடைச்சு வந்தாலும் பால்மா கிருமி இல்லாத பொருள் இல்லையாம். 'குரோனோபக்டர்' எண்ட கிருமி அதில இருக்கலாம். அபூர்வம்தான், ஆனா பச்சைப் பிள்ளைக்கு மூளைக் காய்ச்சலைக் கொண்டுவரும். அதால சூடு தண்ணிக்கு மட்டும் போதாது, மாவிலயும் படவேணும். 70 பாகைக்குக் குறையாத தண்ணியில கரைக்கச் சொல்லுது உலக சுகாதார நிறுவனம். கொதிச்சு அரை மணித்தியாலத்துக்குள்ள கரைச்சு, போத்தலைப் பச்சைத் தண்ணிக்குள்ள வைச்சு ஆத்தி, மணிக்கட்டில ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் குடுக்கோணும். கரைச்ச பால் வெளியில ரெண்டு மணித்தியாலம்தான் தாங்கும். 5 பாகைக்குக் கீழ உள்ள பிரிட்ஜில எண்டால் 24 மணித்தியாலம். கரண்ட் இல்லாத பிரிட்ஜ் வெறும் அலுமாரி. சூப்பியையும் போத்தலையும் ஒவ்வொரு தரமும் கழுவி, தண்ணிக்குள்ள அமிழ்த்தி அவிக்கோணும்.

பிறகு மிஸ் கேட்டா, "கிணறு எங்க?"

வெங்காயத் தோட்டத்துக்குப் பக்கத்தில. எங்கட சுண்ணாம்புக்கல் நிலத்தில பசளையும் மலகூடக் குழியும் நேராக் கிணத்துக்குள்ள இறங்கும். யாழ்ப்பாணத்துக் கன கிணறுகளில நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம் எண்ட எல்லையைத் தாண்டியிருக்கு. எங்களுக்கு உடனடியாப் பெரிசா ஒண்டும் தெரியாது. ஆனா கைக்குழந்தையின்ர ரத்தம் ஒட்சிசனைக் காவ ஏலாமல் உடம்பு நீலம் பாரிக்கலாம். இதில மோசமான பகுதி, கொதிக்க வைச்சால் நைத்திரேற்று போகாது. தண்ணி வத்த வத்த இன்னும் செறிவாகும். இவ்வளவு காலமும் அந்தக் கிணத்தை 'நல்ல தண்ணி' எண்டுதான் சொல்லிக்கொண்டிருந்தனாங்கள்.

அண்டைக்கே ஆர்.ஓ. தண்ணிக் கான் வாங்கினன். அதையும் கொதிக்க வைக்கத்தான் வேணும். காஸும் இல்லை, விறகடுப்புத்தான். இரவு ரெண்டு மணிக்கு அம்மா கொக்காரை கொளுத்த, நான் ஃபோன் லைற்றில கரண்டிக் கணக்குப் பார்த்தன்.

மூண்டாம் நாள் பிள்ளை பாதியில நித்திரையாப் போனாள். மிச்சப் போத்தலோட யோசிச்சுக்கொண்டு நிண்டன். அம்மா பேசாமல் அதைக் கையில இருந்து வாங்கிக்கொண்டு போய் வாழையடியில ஊத்தினா.