பத்துளைப் பாதையில் ஒரு சின்னக் கார்

சகோதரிகளே, பண்டாரவளைக்கு நீங்கள் ரயிலில் வந்திருப்பீர்கள். இல்லையேல் பஸ்ஸில், எலுமிச்சம்பழத்தை மோந்தபடி வளைவுகளை எண்ணியிருப்பீர்கள். தரையோடு ஒட்டிய ஸ்போர்ட்ஸ் காரில் வந்திருக்க மாட்டீர்கள்.

என் ராத்தாவின் மகன் மரக்கறி வியாபாரி. அவன் வாங்கியது ஹொண்டா எஸ் 660. ஜப்பானில் 2015 முதல் 2022 வரை செய்த வண்டி. எஞ்சின் 658 சிசிதான். அதுவும் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. உயரம் 118 சென்ரிமீற்றர். எங்கள் மதரஸாவில் ஓதவரும் எட்டு வயதுப் பிள்ளைகள் அதைவிட உயரம். இருக்கை இரண்டே இரண்டு. துணிக்கூரையைச் சுருட்டி முன்பெட்டிக்குள் வைத்துவிட்டால் வேறு சாமானுக்கு இடமில்லை. ஒரு கோவா மூட்டை ஏற்ற முடியாத கார் மரக்கறிக் கடைக்காரனுக்கு எதற்கு?

"தம்பி, ஒருநாள் கூடப் போய் அவனுக்குப் புத்தி சொல்லுங்க" என்றார் ராத்தா.

ஸுபஹுக்குப் பின் பத்துளைக்குப் புறப்பட்டோம். அவனுக்கு இது அன்றாடப் பாதை. 1,200 மீற்றர் உயரத்திலிருந்து தெமோதரை, ஹாலிஎல வழியாக 700 மீற்றருக்கும் கீழே இறங்க வேண்டும். பனிமூட்டம். எதிரே வந்த தேயிலை லொறியின் சில்லு என் முகத்துக்கு நேரே உருண்டு போனது. நான் கலிமாச் சொல்லிக்கொண்டேன். அவனோ இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே போகவில்லை. இரண்டாம் கியருக்கு மாற்றி, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ள விட்டான். "மிதிச்சுக்கொண்டே வந்தா பிரேக் சூடாகிக் கைவிட்டுடும் மாமா." பஸ்காரர் கண்ணுக்கு இந்தக் கார் தெரியாது என்று வளைவுக்கு வளைவு ஹோர்ண் அடித்தான். கொழுந்துச் சாக்கோடு பெண்கள் ஓரமாக நடந்த இடத்தில் வண்டியை நிறுத்தியே விட்டான்.

"ஸ்போர்ட்ஸ் கார் என்றாய், மாட்டு வண்டியாக ஓட்டுகிறாயே?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான். 2024 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துத் தியத்தலாவையில் பொக்ஸ் ஹில் பந்தயம். பார்க்கப் போயிருந்தான். ஒரு கார் ஓடுபாதையை விட்டு விலகிச் சனத்துக்குள் பாய்ந்தது. ஏழு பேர் மௌத்தானார்கள். அதில் ஒரு பிள்ளைக்கு எட்டு வயது. "நாங்க மறுபக்கம் நின்டோம் மாமா. அவ்வளவுதான் வித்தியாசம்."

"பிறகும் ஏன் இப்படிக் கார்?"

"ஆசைதான்."

மறைக்காமல் சொன்னதால் நான் கொண்டுபோன உபதேசத்தில் பாதி அங்கேயே குறைந்தது. மீதியைச் சொன்னேன். தோட்டப் பாதைகளின் குழிகளில் இது அடிபடும். கொள்முதலுக்குப் போகும்போது பிரதான வீதியில் காரை விட்டுவிட்டு ஆட்டோ பிடிக்கிறான். அந்தக் கூலியைக் கணக்குப் பார்த்தாயா என்றேன். சிரித்தான்.

திரும்பி வந்ததும் உம்மாவை ஏற்றினான். முழங்கால் வலிக்காரி. உட்காரும்போது விழுந்தே விட்டார். கடைத்தெருவரை போய் வந்தார்கள். இறக்க நாங்கள் இருவரும் ஆளுக்கொரு கை பிடிக்க வேண்டியிருந்தது.

"கார் நல்லந்தான்" என்றார் ராத்தா, முந்தானையைச் சரிசெய்துகொண்டு. "ஆஸ்பத்திரிக்கு மட்டும் நான் ஆட்டோவிலேயே போறேன்."