பைப்புத்துண்டு

போன மாசம் நெய்யாற்றின்கரையில் தூண்டில் சாமான் விற்கிற ஒரு கடைக்கு மூணுமுள் வாங்கப் போயிருந்தேன். அளவு பார்க்க என் பொய்யிரை ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தேன். கல்லாவில் இருந்த பையன் சிரித்துவிட்டான். "இது பைப்புத்துண்டு அல்லியா மாமா?"

பைப்புத்துண்டுதான். பாறசாலை, உதியன்குளங்கரை, செங்கல் பக்கம் முப்பது வருஷம் பைப்பு வேலை பார்த்து, மூட்டுவலியால் நிறுத்தினவன் நான். அவன் கடையில் தொங்குகிறதெல்லாம் பிளாஸ்டிக் இல்லாமல் தேங்காயா?

எனக்குப் பொய்யிரை செய்யச் சொல்லித்தந்தவர் பொழியூர் ஆசான். முதல் நாள் தண்ணி பாட்டிலில் ஒரு சில்லு, அதன் மூடியில் ஒரு சில்லு அறுத்துக் கையில் தந்தார். "எதுலே தாழும்?" கடலில் பாட்டில் மிதக்கிறதைப் பார்த்தவன்தானே, ரெண்டும் மிதக்கும் என்றேன். வாளியில் போட்டார். மூடிச் சில்லு மிதந்தது, பாட்டில் சில்லு அடியில் போய்ப் படுத்தது. "பாட்டில மிதக்க விடுது காத்துலே, பிளாஸ்டிக் இல்ல" என்றார். ஆக்கர் கடையில் எதைப் பொறுக்கினாலும் இன்றைக்கும் முதலில் ஒரு சில்லு வாளிக்குள்தான் போகும்.

பிவிசி தண்ணீரைவிடக் கிட்டத்தட்ட 1.4 மடங்கு கனம். அதனால் பைப்புக்குள் காத்தை அடைத்தாக வேண்டும். நாலு விரல் நீளத்தில் அரை இஞ்சுத் துண்டு, ரெண்டு முனையும் சப்பையாக மூடணும். கேட்க லேசு. மூணு மாசம் நான் பாழாக்கிய பைப்பில் ஒரு வீட்டுக்கு லைன் இழுத்திருக்கலாம். முதல் முனையை மூடி, ரெண்டாவதைச் சூடாக்கினால் முதல் முனை வாயைத் திறந்துவிடும். சூடு பட்டால் பிவிசிக்குத் தன் பழைய உருண்டை ஞாபகம் வந்துவிடும். திறக்காமல் தப்பினால் உள்ளே காத்து பெருத்து நடுவயிறு வீங்கும். ஆசான் வாய் திறக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த மூணு மாசத்துக்காக அவர்மேல் இன்னும் எனக்குக் கோபம் உண்டு.

பிறகு ஒரு நாள் வறுசட்டியில் ஆற்றுமணலைச் சூடாக்கினார். ஒரு சொட்டுத் தண்ணி தெளித்தால் சீறணும், ஆனால் பைப்பு மஞ்சளிக்கக் கூடாது. மூடின முனையில் ஈரத்துணி சுற்றி, மறுமுனையை மட்டும் மணலில் நட்டார். வயிற்றில் ஊசித்துளை ஒன்று. துவண்டதும் ரெண்டு மரச்சில்லுக்கு நடுவே அமுக்கிப் பச்சைத்தண்ணியில் முக்கினார். ஆறின பிறகு துளையில் ஒரு துளி சொலூஷன். அவ்வளவுதான். தீயில் காட்டவே கூடாது. ஓரம் கருகும், புகை மூக்கையும் தொண்டையையும் எரிக்கும், அந்த முனை பாரை கடித்தால் பொடிந்துபோகும்.

பொய்யிரையின் முனையில் வைக்கிற நாக்குக்கு சிடி. பழைய சிடி பாலிகார்பனேட், அடித்தாலும் தாங்கும். அதன் டப்பாவும் கண்ணாடி மாதிரிதான் இருக்கும், ஆனால் அது பாலிஸ்டைரீன், கத்தரி பட்டதும் சிதறும். இப்போது யார் வீட்டிலும் சிடி இல்லை. ஒரு சாக்கு சேர்த்து வைத்திருக்கிறேன், வீட்டுக்காரிக்குப் பிடிக்காது.

ரப்பர் புழு என்கிறார்களே, அது ரப்பரே இல்லை, பெரும்பாலும் பைப்பின் சாதிதான். எண்ணெய் சேர்த்து இளக்கினது. மருமகன் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்ததைப் பளபளப்பான டப்பாவில் போட்டு வைத்தேன். இடவப்பாதியில் பூவார் பொழி முறிந்த சமயம், செம்பல்லிக்குப் போகலாம் என்று திறந்தால், புழு கசிந்த எண்ணெயில் டப்பாவின் அடியே இளகி எல்லாம் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்ட டப்பாவை இந்த எண்ணெய் ஒன்றும் செய்யாது. என்னுடையதில் 6 இருந்தது. வாங்கும்போது திருப்பிப் பார்க்கவில்லை. ஆசான் இருந்திருந்தால் ஒரு வாரம் பேசியிருக்க மாட்டார்.

இப்போது பையன்கள் அறுந்த புழுக்களைக் கறிச்சட்டியில் உருக்கி மறுபடி வார்க்கிறார்களாம், கதவைச் சாத்திக்கொண்டு. வாளியும் வேண்டாம், மணலும் வேண்டாம், கைபேசியில் ரெண்டு நிமிஷம் பார்த்தால் போதும்.

அந்தக் கடைப்பையன் போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். தானே செய்ததென்று ஒரு பைப்புத்துண்டை நீட்டினான். ஓரம் காப்பி நிறத்தில் இருந்தது.

"லைட்டரா?" என்றேன்.

"கேஸ் அடுப்பு, மாமா."

வாளியில் தண்ணி பிடித்து வரச் சொன்னேன்.