மேற்கோள் குறி போடாத வெள்ளை

எங்கள் தளத்தின் நிறம், எழுத்துரு, இடைவெளி எல்லாம் ஒரே ஜேசான் கோப்பில் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான்தான். ஜாவாஸ்கிரிப்ட் அதை நேராகப் படித்துக்கொள்ளும். ஸ்டைல்ஷீட்டுக்காக கல்ப் என்ற பில்டு கருவி அதை சாஸ் மேப்பாக, அதாவது சாவியும் மதிப்புமாக உள்ள ஜோடிகளாக, மாற்றித் தரும். இந்த வேலைக்கென்றே ஸ்டைல் டிக்‌ஷனரி மாதிரி இலவசக் கருவிகள் இருக்கின்றன. "இதுக்கெல்லாமா ஒரு பேக்கேஜ்?" என்று கேட்டுவிட்டு, மாற்றும் நிரலை நானே எழுதினேன். திமிர்தான், வேறென்ன.

எழுத்துருவில் முதல் அடி விழுந்தது. 'நோட்டோ சான்ஸ் தமிழ், சான்ஸ்-செரிஃப்' என்பதில் உள்ள காற்புள்ளியோடு அந்த மதிப்பு முடிந்துவிட்டதாக சாஸ் எடுத்துக்கொண்டது, பில்டு நின்றது. மதிப்புகளை அடைப்புக்குறிக்குள் போட்டேன், ஓடியது. சாவிகளைப் பற்றி யோசிக்கவில்லை. மேற்கோள் குறி இல்லாமல் மேப்பில் கொட்டினேன்.

'பிரைமரி' என்ற சாவிக்கு மேற்கோள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாஸுக்கு ஒன்றுதான். 'ஒயிட்' விஷயம் வேறு. மேற்கோள் இல்லாவிட்டால் அது ஒரு நிறம், இருந்தால் வெறும் எழுத்துச்சரம். இரண்டையும் சாஸ் ஒன்றாகக் கருதாது. நிறமாக வைத்ததை எழுத்துச்சரமாகக் கேட்டால் 'நல்' என்ற வெற்று மதிப்புதான் வரும். வெற்று மதிப்பு வந்தால் சாஸ் பிழை காட்டாது. சத்தமில்லாமல் அந்த வரியையே விட்டுவிடும்.

பயிற்சிக்கு வந்திருந்த பெண்ணின் பக்கத்தில் அதுதான் நடந்தது. கருநீலப் பட்டனில் எழுத்து வெள்ளையாக வராமல் கறுப்பாகவே நின்றது. "ஸ்பெல்லிங்கை ஒழுங்காப் பாரும்மா" என்றேன். "பாத்துட்டேன் சார், சரியாத்தான் இருக்கு" என்றாள். என் பக்கங்களில் ஒழுங்காக வருகிறதே என்று காட்டினேன். வராமல் என்ன? நான் எங்கும் மேற்கோள் போட்டுக் கேட்டதே இல்லை. மேப் சாவிகளுக்கு மேற்கோள் போடுவது நல்லது என்று சாஸின் ஆவணமே சொல்கிறது. அதைப் படித்தவள் அவள், நான் படிக்கவில்லை.

அவள் போன பிறகு சாயங்காலம், கல்ப் எழுதிய கோப்பைத் திறந்து பார்த்தேன். பார்த்ததுமே புரிந்துவிட்டது. சாவியைச் சுற்றியும், என் பக்கங்களில் அதைக் கேட்ட இடங்களிலும் மேற்கோள் சேர்த்தேன். கமிட்டில் 'ஃபார்மேட்டிங்' என்று மட்டும் எழுதினேன். மறுநாள் அவள், "சார், தானா சரியாயிடுச்சு" என்று வந்து நின்றாள். "கேஷா இருந்திருக்கும்" என்றேன். பொய் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மாதக் கடைசியில் அவளுடைய மதிப்பீட்டுப் படிவம் என் மேசைக்கு வந்தபோது, 'கவனம் போதாது' என்று எழுதினேன். உதாரணமாக இந்தப் பட்டனைத்தான் குறிப்பிட்டேன். எழுதும்போது எனக்கு எல்லாம் தெரியும். ஜேசானும் கல்ப்பும் என் யோசனை என்பதால், அதில் ஓட்டை இருந்தது யாருக்கும் தெரியக் கூடாது என்று நினைத்தேன்.

பயிற்சி முடிந்து அவள் வேறு இடத்துக்குப் போய்விட்டாள். அந்தக் குறிப்பை நீக்கச் சொல்லி நான் இன்னும் யாரிடமும் கேட்கவில்லை.